மெத்தென்ற இரும்பு

பல ஆண்டுகள் ஆடித் தேய்ந்த ஒரு கோல்ஃப் பிளேடு செட்டிலிருந்து 7-அயர்னை உருவி, அதன் முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலோ, நடுவிலிருந்து ஷாஃப்ட் பக்கம் சற்று ஒதுங்கியோ, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டம் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருக்கும். குரோமியப் பூச்சு அங்கே தேய்ந்து, அடியிலிருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கிறது. வட்டத்துக்குள் குரூவ்களின் விளிம்பு விரல்நுனிக்கு வழவழவென்றிருக்கும். பந்தே பட்டிராத மேல் வரிகளில் அந்த விளிம்பு இன்னும் நகத்தில் சிக்கும். தலையைத் திருப்பி அடிப்பக்கமான சோலைப் பார்த்தால் மண்ணும் பொடிக்கல்லும் இழுத்த கீறல்கள். அவை நுனிப்பக்கம் அடர்ந்திருக்கின்றனவா, குதிப்பக்கமா, நடுவிலா என்பது அந்த கிளப் அதை ஆடியவருடைய உயரத்துக்கும் ஸ்விங்குக்கும் பொருந்தியதா என்பதற்குச் சாட்சி. பின்பக்கத்தில் பை தூக்கி நடந்த நடைக்கெல்லாம் கணக்காக, பக்கத்து அயர்ன் மோதி விழுந்த குழிகள்.

இந்தத் தடயங்களைப் படிக்காமலேயே பெரும்பாலோர் அடுத்த செட்டை வாங்கிவிடுகிறார்கள். கடையில் முதலில் கேட்பது, "இது ஃபோர்ஜ்டா, காஸ்ட்டா?" என்றுதான். காய்ச்சி அடித்த தலை மெத்தென்றிருக்கும், வார்த்த தலை கையில் சுரீரென்று ஏறும் என்பது கோல்ஃப் ஆடுவோரிடம் தலைமுறைகளாக ஊறிப்போன நம்பிக்கை. மெத்தென்ற உணர்வு உண்மையானது. அதை உணராத ஆட்டக்காரர் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் விளக்கத்தில்தான் கோளாறு. விளக்கத்தைச் சரிசெய்துவிட்டால் புது செட்டுக்குக் கொடுக்கும் பெரும்பணம் எதற்குப் போக வேண்டும் என்பதும் பிடிபட்டுவிடும்.

ஜப்பானின் ஹிரோஷிமாவில் மிசுனோ நிறுவனத்துக்காக 1968 முதல் அயர்ன் தலைகள் அடிக்கப்படுகின்றன. மூலப்பொருள் ஓர் உருளைக் கம்பித் துண்டு. ஜப்பானியத் தரக்குறியீட்டில் எஸ்25சி, அமெரிக்கக் குறியீட்டில் 1025 என்பது அந்த எஃகின் பெயர். இரண்டிலும் வரும் 25, அதில் 0.25 விழுக்காடு கார்பன் இருப்பதைச் சொல்கிறது. எஃகு வகைகளில் இது சாதுவான இனம். சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் காய்ந்து ஆரஞ்சாக ஒளிரும் துண்டை இடுக்கியால் பற்றி அச்சின் கீழ்ப்பாதியில் வைக்க, மேல்பாதி இறங்கி நசுக்கும். ஒரே அடியில் தலை பிறந்துவிடாது. ஓர் அச்சிலிருந்து அடுத்த அச்சு என்று போய், ஒவ்வொரு கட்டத்திலும் விளிம்பில் பிதுங்கிய உலோகத்தைச் சீவி எறிய, ஷாஃப்ட் செருகும் குழலான ஹோசலும் தலையும் ஒரே துண்டாகத் திரண்டு வரும். பிறகு சாணை, குரூவ் வெட்டுதல், எடை பார்த்தல், மெருகு, நிக்கல், குரோமியம். ஹிமேஜிக்கு அருகிலுள்ள மியுராவின் பட்டறையிலும் காய்ச்சி அடிப்பதும் சாணை பிடிப்பதும்தான் வேலை. இந்தச் சாணைக்காரர்களின் கண்ணுக்கும் கைக்கும் உலகெங்கும் மதிப்பு உண்டு, அதற்குக் காரணமும் உண்டு.

கம்பியை இப்படி நீட்டி நசுக்கும்போது எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய கந்தகச் சேர்மத் துகள்கள் உலோகம் ஓடும் திசையில் இழுபட்டு வரிவரியாகப் படுத்துக்கொள்கின்றன. தலையை அறுத்து அமிலத்தில் தோய்த்தால் ஹோசலிலிருந்து முகம் வரை வளைந்து ஓடும் இந்தக் கோடுகள் கண்ணுக்கே தெரியும். விளம்பரங்களில் வரும் மணியோட்டம் இதுதான். லட்சக்கணக்கான முறை முறுக்குண்டு களைக்கும் என்ஜின் தண்டுகளுக்கு இது பெரிய பலம். அயர்ன் தலைக்கு அப்படிப்பட்ட களைப்பு எதுவும் வருவதில்லை.

வார்ப்பின் கதை வேறு. மெழுகில் தலையின் உருவம் செய்து, அதன்மேல் பீங்கான் குழம்பை அடுக்கடுக்காகப் பூசி, காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய எஃகை ஊற்றுகிறார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் ஐம்பொன் திருமேனி வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். அங்கே மண்ணும் ஐம்பொன்னும், இங்கே பீங்கானும் துருப்பிடிக்காத எஃகும். கோல்ஃபில் இந்த முறையைக் கொடிகட்டிப் பறக்கவிட்டவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர். அவர் நிறுவனமான பிங் 1982-இல் கொண்டுவந்த ஐ2 அயர்ன்கள் விளையாட்டின் முகத்தையே மாற்றின. அச்சில் நசுக்கி எடுக்க முடியாத வடிவங்களை வார்ப்பில் எடுத்துவிடலாம். முதுகைக் குடைந்து, அங்கே மிச்சமான எடையைத் தலையின் ஓரங்களுக்குத் தள்ளலாம். கழைக்கூத்தாடி கையில் பிடிக்கும் நீள மூங்கில் அவரைச் சட்டென்று சாயவிடாததுபோல, ஓரங்களில் எடை தங்கிய தலை நடுவைத் தவறி அடித்தாலும் எளிதில் திரும்பிக்கொள்வதில்லை. இயற்பியல் இதை நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. பயனை அனுபவித்தவர்கள் வாரக்கடைசி ஆட்டக்காரர்கள் மட்டும் அல்லர். 2012, 2014 ஆகிய இரு ஆண்டுகளிலும் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்ற பப்பா வாட்சன் அடித்தது பிங்கின் வார்ப்பு அயர்ன்களால்தான்.

இனி மோதலுக்கு வருவோம். பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஓரளவு நன்றாக ஆடும் ஒருவர் 7-அயர்னால் அடித்த பந்து விநாடிக்கு 48 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முகமும் பந்தும் ஒட்டியிருப்பது ஏறக்குறைய அரை மில்லி விநாடி. வகுத்துப் பார்த்தால் சராசரி விசை சுமார் 4,400 நியூட்டன், அதாவது 450 கிலோவைத் தூக்கி வைத்த பாரம். உச்சத்தில் அது இரண்டு மடங்கை நெருங்கும். பந்து அப்போது நசுங்கி முகத்தில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகப் படிந்திருக்கிறது. விசையை அந்தப் பரப்பில் பங்கிட்டால் உச்ச அழுத்தம் 28 மெகாபாஸ்கல் அளவில் நிற்கும். சாதுவான 1025 எஃகுகூட 200 மெகாபாஸ்கலுக்கு மேல் போனால்தான் மீளாமல் அமுங்கத் தொடங்கும். ஏழில் ஒரு பங்கு அழுத்தத்தில் அது அசைந்தே கொடுக்காது.

இந்தக் கணக்குதான் அத்தியாயத்தின் மையம் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். எஃகு மிருது என்று சொல்லும்போது அது எந்த விசையில் நிரந்தரமாக அமுங்கும், எந்த விசையில் கீறும் என்பதைத்தான் சொல்கிறோம். அந்த எல்லைக்கு வெகு கீழே எஃகு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதை முடிவுசெய்வது யங் குணகம். காய்ச்சி அடிக்கும் 1025-க்கும், வார்ப்புக்குப் பெயர்பெற்ற 17-4 வகைத் துருப்பிடிக்காத எஃகுக்கும் அந்த எண் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் 200 கிகாபாஸ்கலை ஒட்டியவை. அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே ஒரே வடிவத்தில், ஒரே எடையில் ஒன்றை அடித்தும் ஒன்றை வார்த்தும் செய்து வைத்தால், பந்துக்கு எது எதுவென்று தெரிய வழியில்லை. அந்த அரை மில்லி விநாடியில் நசுங்குவதெல்லாம் பந்துதான். மிருதுவான எஃகு தன் மிருதுவைக் காட்டுவது பந்துக்கு அடியில் ஒரு பொடிக்கல் மாட்டும்போது. கூர்முனையில் அழுத்தம் எல்லை தாண்டி எகிற, முகத்தில் குழி விழுகிறது. பின்பக்கத்துக் குழிகளின் கதையும் அதுவே.

அப்படியானால் கைக்கு எட்டியது என்ன? அலாஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வை 1968-இல் 'சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்' என்ற நூலாக எழுதினார்கள். அந்த ஆய்வில் தலைக்குச் சற்று மேலே ஷாஃப்டில் ஒரு கீலை வைத்து அடித்துப் பார்த்தார்கள். பந்து வழக்கமான அடிக்கு வெகு அருகில் போய் விழுந்தது. மோதும் கணத்தில் தலை ஏறக்குறைய அவிழ்த்துவிட்ட பொருள்போலத்தான் நடந்துகொள்கிறது, கை அதைத் தாங்கிப் பிடிப்பதில்லை. மோதலின் அதிர்வு ஷாஃப்ட் வழியே ஏறிக் கையை எட்டி, கையிலிருந்து நரம்பு வழியே மூளைக்குப் போக இன்னும் பல மில்லி விநாடிகள் ஆகும். உணர்வு பிறக்கும்போது பந்து முகத்தைவிட்டுப் போய்விட்டது. நாம் உணர்வது அடி முடிந்தபின் வரும் தபால்.

அந்தத் தபாலிலும் கை எல்லாவற்றையும் படிப்பதில்லை. தோலுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் பசினியன் உறுப்புகள் விநாடிக்கு 250 அதிர்வை ஒட்டி மிகக் கூர்மையானவை. ஆயிரத்தைத் தாண்டினால் அநேகமாக மரத்துப்போகின்றன. அயர்ன் தலை தானே அதிர்வதோ விநாடிக்கு ஆயிரக்கணக்கில். அது கைக்குரிய சேதி அல்ல, காதுக்குரியது. கை படிப்பது ஷாஃப்டின் வளைவுகளையும், நடுவில் படாத அடியில் தலை திரும்பும் முறுக்கையும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஓர் அடியின் உணர்வுக்குக் கொடுத்த மதிப்பும் அந்த அடியின் ஒலியும் வலுவாகப் பின்னிக் கிடந்தன. முதுகில் கெட்டியாக உலோகம் தங்கிய பிளேடு அடங்கிய, குறுகிய ஒலி தருகிறது. மெல்லிய முகமும் குடைந்த முதுகும் கொண்ட தலை தகடாகத் துடித்து உரக்கக் கிண்ணென்கிறது. காது கேட்டதை மூளை கையின் கணக்கில் எழுதிவிடுகிறது. பல காலம் கெட்டியான தலைகள் அடித்துச் செய்யப்பட்டன, குடைந்தவை வார்க்கப்பட்டன. வடிவத்தின் பெருமை செய்முறையின் பெயருக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். ஒலியின் பங்கு சோல்ஹைமுக்குத் தெரிந்தே இருந்தது. 1959-இல் அவர் செய்த முதல் பட்டர் பந்தைத் தொடும்போது எழுப்பிய ஓசைதான் நிறுவனத்தின் பெயரே ஆனது.

இதனால் காய்ச்சி அடித்த தலை வீண் என்று சொல்ல வரவில்லை. மிருதுவான எஃகுக்கு ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு குணம் உண்டு. ஹோசலைப் பிடிப்பானில் மாட்டி நெம்புகோலால் தள்ளினால் முறியாமல் வளையும், வளைந்த இடத்தில் நிற்கும். 17-4 எஃகு முரண்டு பிடிக்கும். ஏன் வளைக்க வேண்டும்? தரையில் வைக்கும்போது ஷாஃப்ட் நிற்கும் சாய்வை லை என்கிறார்கள். லை இரண்டு டிகிரி பிசகினால், 34 டிகிரி லாஃப்ட் (முகம் பின்சாயும் கோணம்) உள்ள 7-அயர்னின் முகம் சுமார் 1.3 டிகிரி பக்கவாட்டில் பார்க்கிறது; 150 யார்டு தூரத்தில் அது மூன்று யார்டுக்கு மேல். லாஃப்ட் கூடக்கூட விலகல் பெருகும். கிரீனுக்கு மிக அருகிலிருந்து குறிபார்க்க எடுக்கும் வெட்ஜில்தான் அது அதிகம் என்பதைக் கவனியுங்கள். பழைய கிளப்பின் சோலில் பார்த்த கீறல்களுக்கு இங்கேதான் வேலை. நுனிப்பக்கம் அடர்ந்திருந்தால் வலக்கைக்காரரின் பந்து வலப்பக்கம் போக வாய்ப்பு, லையை நிமிர்த்த வேண்டும். குதிப்பக்கம் என்றால் தலைகீழ். வளையும் குணத்துக்கு மறுபக்கமும் உண்டு: ஆண்டுக்கணக்கில் பயிற்சிப் பாயிலும் கடினத் தரையிலும் மோதி, மிருதுவான ஹோசல் தானாகவே மெல்ல நகர்கிறது. பழைய செட்டில் 6-உம் 7-உம் ஒரே தூரம் போவதாகக் குறைப்படுபவர் தன் ஸ்விங்கை நொந்துகொள்வதற்கு முன் இரண்டையும் லாஃப்ட் அளக்கும் கருவியில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

ஃபோர்ஜ்டு என்ற சொல்லே இன்று ஒரே பொருளைச் சொல்வதில்லை என்பது அடுத்த சிக்கல். ஒரு காலத்தில் அது ஒரே துண்டில் அடித்த கெட்டித் தலை. டெய்லர்மேட் 2017-இல் கொண்டுவந்த பி790 பார்வைக்குப் பிளேடு, உள்ளே வெற்றிடம். அடித்த மெல்லிய முகத்தை உடலோடு பற்றவைத்து, வெற்றிடத்தில் நுரை நிரப்பியிருக்கிறார்கள். அந்த முகம் மெய்யாகவே உள்வாங்கி எக்கும், பந்து வேகமாகக் கிளம்பும். அதே சமயம், வார்ப்பையே அடையாளமாகக் கொண்ட பிங், 2019-இல் ப்ளூபிரிண்ட் என்ற ஒரே துண்டுப் பிளேடை அடித்துச் செய்தது. ஆகவே தலையின் முதுகில் பொறித்த அந்த ஒரு சொல்லை நம்பி விலை கொடுப்பது என் பார்வையில் தவறான வியாபாரம். ஒரே துண்டா, பற்றவைத்ததா, உள்ளே கெட்டியா, வெற்றிடமா என்று கேட்பதே சரி. கேட்டால் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் வாங்குவது இன்னும் சரி.

பழைய செட்டை மாற்றுபவர் பெரும்பாலும் ஏமாறும் இடம் லாஃப்ட். பழைய பிளேடுகளில் 7-அயர்ன் 35, 36 டிகிரி. தூரத்தைச் சொல்லி விற்கும் இன்றைய ஃபோர்ஜ்டு செட் பலவற்றில் அதே 7 என்ற எண் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய செட்டில் அது 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட கிளப். சோதனைக் கூண்டில் புது 7-அயர்ன் பதினைந்து யார்டு கூடுதலாகப் போனதும் முகம் மலர்கிறது, கை பணப்பைக்குப் போகிறது. அந்தத் தூரத்தில் ஒரு பகுதி முகத்தின் எக்கலால் வந்தது, பெரும்பகுதி எண்ணை மாற்றிப் பொறித்ததால் வந்தது. பாதிப்பு மறுமுனையில் தெரியும். புது பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி, பையில் ஏற்கெனவே இருக்கும் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவே 12 டிகிரி பள்ளம். 90 யார்டிலிருந்து அரைகுறை ஸ்விங் போட்டுத் தடுமாற வேண்டியதுதான், அல்லது 50 டிகிரியில் இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும். எனவே கடைக்குப் போகுமுன் பழைய செட்டின் ஒவ்வொரு கிளப்புக்கும் உண்மையான லாஃப்டையும், உங்கள் பந்து காற்றில் போகும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புது செட்டின் எண்களைப் பார்க்காமல் லாஃப்டுக்கு லாஃப்ட் ஒப்பிடுங்கள். கூடுதல் தூரத்தோடு பந்து எவ்வளவு செங்குத்தாக கிரீனில் இறங்குகிறது என்பதையும் கேளுங்கள். தாழ இறங்கி ஓடும் பந்துக்குத் தூரம் இருந்து பயனில்லை.

அடுத்தது எடை மையம். இறுகிய புல்லில் கிடக்கும் பந்தின் ஆரம் 21 மில்லிமீட்டர் சொச்சம். 7-அயர்னின் சாய்ந்த முகம் அதைத் தொடுவது தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தை ஒட்டித்தான். நீண்ட ஹோசல் கொண்ட பழைய பிளேடுகளில் எடை மையம் அதைவிட உயரத்தில், ஹோசல் பக்கம் ஒதுங்கி இருக்கும். தேய்ந்த வட்டம் குதிப்பக்கம் தள்ளிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல அடி எங்கே கிடைக்கிறதோ அங்கே கை தானாகத் தேடிப் போகிறது. அப்படி நெடுநாள் பழகியவர், மையம் முகத்தின் நடுவுக்கு நகர்ந்த புதிய தலைக்கு மாறினால் முதல் சில வாரங்கள் நல்ல அடியெல்லாம் மங்கலாகவே படும். குற்றம் கிளப்பில் இல்லை, பழக்கத்தில். தேய்ந்த வட்டம் சிறியதாக, ஒரே இடத்தில் இருந்தால் அவருக்கு ஒரே துண்டுப் பிளேடு தாராளமாகப் போதும். வட்டம் முகம் முழுக்கப் பரந்து கலைந்து கிடந்தால் ஓரங்களில் எடை தங்கிய தலையே அவருக்கு நண்பன், அது அடித்ததோ வார்த்ததோ.

ஷாஃப்ட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் அதன் இடம் பெரியது, கை படிக்கும் தபால் அதன் வழியேதான் வருகிறது. நெடுங்காலம் தரமாகக் கருதப்பட்ட டைனமிக் கோல்ட் எஸ்300 எஃகு ஷாஃப்ட் சுமார் 130 கிராம். ஜப்பானின் நிப்பான் 950ஜிஎச் 100 கிராமுக்கும் கீழே. நாற்பது வயதில் வாங்கிய செட்டை அறுபதில் மாற்றுபவருக்கு இந்த முப்பது கிராம், தலை எந்த எஃகு என்பதைவிடப் பல மடங்கு முக்கியம். தலையை மட்டும் மாற்றி அதே கனமான ஷாஃப்டைக் கேட்டு வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

குரூவ் விஷயத்தில் விதியும் உண்டு. 2010 ஜனவரி 1 முதல் அயர்ன், வெட்ஜ்களின் குரூவ் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் வரம்பு வந்தது. உயரமான புல்லிலிருந்து அடிக்கும்போது நடுவே சிக்கும் ஈரத்தையும் புல்சாற்றையும் வடித்துப் பந்துக்குச் சுழற்சி கொடுப்பது குரூவின் வேலை. அகன்ற, கூரிய குரூவ் அதை அளவுக்கு மீறிச் செய்தது. புதிய செட் எதுவும் வரம்புக்கு உட்பட்டதே. பழைய செட்டிலிருந்து சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பவர், போட்டியில் ஆடுவதானால் முதலில் போட்டி விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழு செட்டையும் ஒரே வகையில் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 8, 9, பிட்சிங் வெட்ஜ் மூன்றும் ஒரே துண்டில் அடித்த கெட்டித் தலைகளாகவும், 4, 5 இரண்டும் எடை தாழ்ந்த குழிமுதுகுத் தலைகளாகவும் வாங்கி, இடையில் உள்ள லாஃப்ட் இடைவெளிகளை ஹோசலில் ஒரு டிகிரி, அரை டிகிரி வளைத்துச் சமன்படுத்தலாம். வளையக்கூடிய எஃகை வாங்குவதன் முழுப் பயன் அங்கேதான் கிடைக்கிறது. பணம் கொடுக்குமுன் அந்த வளைப்பும் விலையில் அடக்கமா, ஓராண்டு கழித்து மறுபடி அளந்து திருத்தித் தருவார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.